அண்ணன் வெட்டிய நான்கு வாஷர்கள்

என் பிஜு அண்ணனே,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் மாதத்திலேயே உனக்கு எழுதியிருக்க வேண்டும். அப்போது என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இப்போது ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அது சரியா தப்பா என்று புரியாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். செய்தது உன் வண்டியில்.

உன் சிவப்பு வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. பாறசாலையில் பார்ப்பவர்கள் இன்றைக்கும், "பிஜுவுக்க வண்டியில்லா இது? இதிலதானே அவன் போனான்?" என்று கேட்கிறார்கள். இல்லை, எலிக்காய்ச்சல், ஐந்தே நாள் என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிற்று. நீ அத்தனை வேகமாக ஓட்டியும் அந்த வண்டியால் உனக்கு ஒரு கீறல் விழவில்லை. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் தேங்கிய வெள்ளத்தை வெட்டிவிடப் போய், காய்ச்சலோடு வந்து படுத்த நீ எழுந்திருக்கவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். துபாயிலிருந்து நிவியின் அப்பா ஒவ்வொரு போனிலும் அதையே சொன்னார். அதற்குள் நிவிக்கு மூச்சிழுப்பு வரத் தொடங்கியது. மூன்று வயதுப் பிள்ளையை மழையில் ஸ்கூட்டரில் வைத்துக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா? வேறு கார் வாங்க வழியில்லை. உன் வண்டி முற்றத்தில் சும்மா நின்றது. எடுத்துவிட்டேன்.

ஐப்பசித் துலாமழை தொடங்கிய வாரம். நிவி பின்னால், பிள்ளைகளுக்கான சீட்டில் கட்டி உட்கார்ந்திருந்தாள். காரக்கோணம் ரோட்டில் கலுங்குப் பாலம் தாண்டி இறங்குகிற வளைவு உனக்கு நன்றாகத் தெரியும். எதிரே பஸ் வந்தது. இடம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனாலும் பயந்துவிட்டேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன். பிரேக்கைத் தொடக்கூட இல்லை. யாரோ பிடித்துத் தள்ளியதுபோல வண்டியின் பின்பக்கம் சுழன்றது. ரப்பர் மரம், பஸ், மதில், மறுபடியும் ரப்பர் மரம். நின்றபோது வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் எங்களைத் தொடாமல் தாண்டிப்போய் நின்றிருந்தது.

"அம்மா, இன்னொரு தடவை" என்றாள் நிவி.

பஸ் டிரைவர் இறங்கி வந்து மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். "எந்தா கொச்சே இது? பிள்ளையையும் வெச்சோண்டு சர்க்கஸாக்கும்?"

வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்தினேன். தப்பு என்னிடமா, உன் வண்டியிலா? "ஏட்டி, வளைவில காலை எடுக்காதே, வண்டி உன்னைத் திரும்பிப் பாக்கும்" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் வண்டியை உருட்டாத குறையாக ஸ்டீபன் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். உன்னோடு பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர், உன் வண்டியை உன்னைவிட அதிகம் திட்டியவர்.

"அண்ணே, கையில காசு அதிகம் இல்ல" என்றேன் முதலிலேயே.

"காசு உள்ளவன் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவானா பிள்ளே?" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். டயரைக் கையால் தடவிப் பார்த்தார். "முன்னால ரெண்டும் நல்லது. பின்னால ரெண்டும் மொட்டை. ரெண்டு டயர் வாங்கத்தான் பிஜுகிட்ட காசு இருந்திருக்கும். திருப்புற சக்கரத்துக்கு நல்லதப் போட்டுட்டான். மழையில மொட்டை டயராக்கும் முதல்ல கைவிடும், கேட்டியா."

அதற்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பின் சக்கரத்தை ஆக்சிலோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளில், முன்பக்கத்து இரண்டில் மட்டும் மெல்லிய தகர வாஷர்கள் இருந்தன. அடுத்த சக்கரத்திலும் அதேபோல இரண்டு. பெயிண்ட் டின் மூடியிலிருந்து வட்டமாக வெட்டி, ஓரத்தை அரம் போட்டுத் தேய்த்தவை.

"இது உனக்க அண்ணன் வேலையாக்கும். காசு கொடுத்து வாங்குற சாமானத்த மூடியில வெட்டியிருக்கான். இத வெச்சா சக்கரம் ரெண்டும் துளிபோல வெளிய பாத்து நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா வளைவில காலை எடுத்தா பின்பக்கம் சட்டுண்ணு சுத்திக் குடுக்கும். வேகமா திரும்ப அவனுக்கு அதாக்கும் வேணும். அவன் பயப்படமாட்டான்லா."

"நான் பயப்படுவேனே அண்ணே."

"எனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியாதே."

அந்த வாஷர்களை நீ வைத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. முற்றத்தில் வண்டியின் இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, ஸ்கேலை வைத்து வைத்து அளந்துகொண்டிருந்தாய். ஓட்டுகிறவனின் எடை வண்டியில் இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்று அம்மாவைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாய். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உள்ளி உரித்தாள். "எலே, நான் மூச்சு விடலாமா?" என்று அவள் கேட்டதற்கு, "மெதுவா விடு" என்றாய்.

ஸ்டீபன் அண்ணன் சொன்ன வழி எளிதாகத்தான் இருந்தது. நல்ல டயர் இரண்டையும் பின்னால் மாற்ற வேண்டும். காற்றை, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்கு வைக்க வேண்டும். ஆக்சிலைத் தாங்குகிற, தளர்ந்துபோன ரப்பர் புஷ்களைப் புதிதாகப் போட வேண்டும். வாங்க வேண்டியது அந்தப் புஷ் மட்டும்தான். வாஷர்களைத் தூரப் போடவும் வேண்டாம், முன் போல்ட்டிலிருந்து எடுத்துப் பின் போல்ட்டில் வைத்தால் போதும். சக்கரம் துளி உள்ளே பார்க்கும், வண்டி அடங்கிப் போகும்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"டயர மாத்து, காத்த மாத்து. அவன் வெச்ச தகரத்தில ஒருத்தரும் கை வெக்காண்டாம். ரெண்டு மணிக்கூர் நான் இருந்து அளந்ததாக்கும்."

"அம்மா, நிவி பின்னால இருக்காளே?"

"பைய ஓட்டு. உனக்கு ஓட்டத் தெரியல்லேண்ணா அவனுக்க வண்டி என்ன செய்யும்?"

பாதி உண்மைதானே அது. உன் துணிகளை எல்லாம் கொடுத்தபோது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உன் போனைக்கூட எடுத்துக்கொள் என்றாள். இந்த நான்கு தகரத்துக்கு மட்டும் ஏன் இப்படி நின்றாள்? நீயும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான் என்பதாலா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் டயர் மாற்றப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், வாஷரையும் மாற்றச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் ஸ்டீபன் அண்ணன் என்னைப் பூட்டிக்கிடக்கிற செங்கல் சூளையின் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். மழை பெய்து ஈரமாகக் கிடந்தது. வட்டமாக ஓட்டச் சொன்னார். பக்கத்துச் சீட்டில் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகம், எனக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, ஆனா கொஞ்சம் வேகம்" என்றார். பிறகு, "எடு காலை!"

எடுத்தேன். முன்பக்கம் கொஞ்சம் வெளியே ஓடியது. பின்பக்கம் அதன் வழியே வந்தது. ஐந்து தடவை எடுத்துப் பார்த்தேன். ஐந்து தடவையும் அப்படியே.

"எருமை மாதிரி ஆயிப்போச்சு" என்றார். "எருமை நல்லதாக்கும் பிள்ளே. பிள்ளைய வெச்சு ஓட்ட எருமைதான் நல்லது."

நிம்மதியாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அந்த நிம்மதியோடு வேறு என்னவோ கலந்துவிட்டது. ஸ்டியரிங்கில் முன்பு ஒரு துடிப்பு இருக்கும், தொட்டால் திரும்பும். அது இல்லை. அது நீயா, வெறும் தகரமா?

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். வாஷர் வைத்த பிறகு ஒருநாள் நிவியைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நீதான் ஓட்டினாய். நான் அவளை மடியில் வைத்துப் பின்னால் இருந்தேன். முழுத் தூரமும் இரண்டாம் கியரிலேயே உருட்டினாய். ஓர் ஆட்டோக்காரன் தாண்டிப் போகும்போது, "அண்ணே, தள்ளிவிடணுமா?" என்று கேட்டான். நீ சிரித்துக்கொண்டு கையசைத்தாய். அப்படியென்றால் உனக்குத் தெரியும்தானே, இந்த அளவு பிள்ளைக்கு ஆகாது என்று? பின்னே ஏன் மாற்றவில்லை? மாற்ற நினைத்து நாள் கிடைக்காமல் போயிற்றா? அல்லது, பைய ஓட்டினால் போதும் என்று நினைத்தாயா? நீயும் அம்மா சொன்னதைத்தான் சொல்லியிருப்பாயோ?

வெள்ளிக்கிழமை நிவியைக் காரக்கோணத்தில் காட்டப் போனோம். அம்மாவும் முன் சீட்டில் வந்தாள். அதே வளைவு, தூறல் வேறு. எதிரே லாரி வந்தது. நான் வழக்கம்போலப் பயந்தேன், வழக்கம்போலக் காலை எடுத்தேன். வண்டி அசையாமல் தன் வழியில் இறங்கிப் போனது. அம்மா டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள்: "பாத்தியா மக்கா? ஒண்ணும் ஆகல்லியே. அவன் வெச்ச அளவாக்கும்."

வாஷரை மாற்றியதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு, அண்ணா. அம்மா பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம் மட்டும்தான். கேரள எல்லை தாண்டிப் போய்க் காலேஜில் தமிழ் படித்தது நம் வீட்டில் நான் ஒருத்திதான். ஊரே வாசித்தாலும் அவள் வாசிக்கமாட்டாள் என்கிற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். எழுதி முடிக்கும்போது அந்தத் தைரியம் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. இது அச்சுக்குப் போகும் முன்னால் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதும் வாசித்துக் காட்டுவேன், ஒரு வரியும் விடாமல். அவள் அழலாம். உன் பெயரைச் சொல்லி என்னைத் திட்டலாம். சில நாள் அந்த வண்டியில் ஏறாமலும் இருக்கலாம். என்ன ஆனாலும் அந்த வாஷர்களைத் திரும்ப முன்னால் வைக்கமாட்டேன். இது ஒன்றுதான் எனக்குத் தெளிவு. மற்றதெல்லாம், நீ உட்பட, இன்னும் புரியாமலேதான் இருக்கிறது.

பயந்தாங்கொள்ளி என்று நீ கூப்பிட்ட,
உனக்கு ஒரே தங்கச்சி, நிவிக்கு அம்மா,
சிமி