பள்ளிக்கூட வண்டியின் நீலப் புகை

அக்கரப்பத்தனை
2004 ஆவணி

அன்பு மகன் லோஜனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கட்டாரில் அந்த வெயிலைத் தாங்கிக்கொண்டு நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே தவிர மனசு சரியில்லை ராசா. டெலிபோனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் டவுனுக்குப் போயிருக்கிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி அப்பா ஓட்டிய நம்முடைய வண்டி இப்போது நம்மிடம் இல்லை. முழுவதையும் வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பொங்கல் முடிந்த கையோடு தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் எடுக்கும்போது பின்னால் நீலமாகப் புகை வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இந்தக் குளிருக்கு எல்லா வண்டியும் அப்படித்தான் என்றார் அப்பா, தோட்டத்து லொறியை அத்தனை வருசம் ஓட்டியவர் சொன்னால் நான் என்ன பேசுவது. பங்குனிக்குள் ஏற்றத்திலும் புகைந்தது. இறக்கத்தில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பின்னால் வருகிற பஸ்ஸே தெரியாது. எஞ்சினுக்கு ஒயில் ஊற்றி மாளவில்லை, கீழே ஒரு சொட்டு ஒழுகவும் இல்லை, ஊற்றியதெல்லாம் எங்கேதான் போகிறது என்று கேட்டால் எரிந்து விழுவார். கடைசியில் நான் பிடிவாதம் பிடித்து டவுனில் கராஜ் வைத்திருக்கும் ஆண்டியப்பனிடம் கூட்டிப்போனேன். அவன் ஒரு கையால் புகையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளப் பொகைன்னா உள்ளுக்குத் தண்ணி போகுது, கறுப்புன்னா டீசல் முழுசா எரியல, அதெல்லாம் பாத்துக்கலாம். இது நீலம் அண்ணே, ஒயில் எரியுது" என்றான். எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைத் திறந்து காட்டினான், கொதிக்கிற கேத்தலைத் திறந்த மாதிரிக் குபுகுபுவென்று முகத்தில் அடித்தது. "பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சு, அது ஓடுற போரும் தேஞ்சு போச்சு, எஞ்சின எறக்காம ஒண்ணும் செய்ய ஏலாது" என்றான். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவன் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. சைலன்சர் குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது, அதற்கு நேர் மேலே வண்டித் தளமும் உளுத்து ஓட்டை. "பொகை பூராவும் உள்ளுக்குத்தான் ஏறும். புள்ளைங்கள மட்டும் ஏத்தாதீங்கண்ணே" என்று என் முன்னால்தான் சொன்னான்.

அப்பாவுக்கு விளங்காமல் இல்லை. எஞ்சினை இறக்கினால் எத்தனை வாரம் ஆகுமோ, அதுவரைக்கும் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் எப்படிப் போகும், பஸ்ஸை நம்பினால் பாதி நாள் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரும். "தவணப் பரீட்ச முடியட்டும் ஆண்டியப்பா, லீவுல எறக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு வந்து குழாயைத் தகரத்தால் சுற்றிக் கம்பியால் கட்டினார், ஓட்டைக்கு மேலே சாக்கை மடித்துப் போட்டு ரப்பர் விரிப்பால் மூடினார். மழை இல்லாத வரைக்கும் ஜன்னல் திறந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது, உனக்குத்தான் தெரியுமே நம் ஊர் மழை, பிள்ளைகள் ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் லயத்தின் கடைசி, தொங்கல் வீட்டுக் காளியாயியின் மகள் தனுஜாவை நினைவிருக்கிறதா, நீ போகும்போது கைக்குழந்தை, இப்போது நாலாம் வகுப்பு. குளிர் காலத்தில் இழுப்பு வருகிற பிள்ளை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பின்னால் இருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தியிருக்கிறார்கள். அப்பா நிறுத்திப் பார்த்தால் அந்தப் பிள்ளை மூச்சை இழுக்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், உதடெல்லாம் நீலம். மற்றப் பிள்ளைகளைப் பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டு நடு ரோட்டில் நின்று கையைக் காட்டியிருக்கிறார், அந்த மழையில் ஒரு வாகனமும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவளை முன் சீட்டில் தன்னோடு சாய்த்துக்கொண்டு, கண்ணாடியையெல்லாம் இறக்கிவிட்டு, நனைந்து நனைந்து அதே வண்டியை அதே புகையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வேற வண்டி இல்லியே லெட்சுமி, அதுலயேதானே கொண்டு போனேன், அதுலயேதானே கொண்டு போனேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளை பிழைத்துவிட்டாள், கடவுள் இருக்கிறார். ஆனால் கன நாள் வார்டில் வைத்திருந்தார்கள். நான் சோறு கொண்டு போனபோது காளியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே வேணுமின்னா செஞ்சாரு, எம்புள்ள நெஞ்சு அப்பிடி" என்றாள். அதை வந்து சொன்னதற்கு, ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும் என்றார் அப்பா. மற்ற வீட்டுக்காரர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை, பிள்ளைகளை அனுப்புவதைத்தான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வழியில் கண்டால் எப்போதும்போல சிரித்தார்கள், வண்டியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. எஞ்சினை இறக்கிச் செய்யலாமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். இனிமேல் அடுத்தவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்புறம் வண்டியை விற்றுவிடலாமென்று சொல்லி வைத்திருந்தோம், ஒரு தரகன் கொத்மலைப் பக்கமிருந்து ஆள் கூட்டி வருவதாகச் சொன்னான். முதல் நாளே வந்து, "கெட்டி ஒயில ஊத்தி, ஆள் வாறதுக்கு முன்னால எஞ்சின சூடாக்கி வைங்க, ரெண்டு மூணு நாளைக்குப் பொகையே தெரியாது" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் வந்தவன் பெயர் அழகன், உன் வயசுதான் இருக்கும், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சந்தோசமாகத் தடவிப் பார்த்தான். எதற்கு வாங்குகிறாய் தம்பி என்று அப்பா கேட்டார். நேர்சரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க என்றான். அதைக் கேட்டதும் அப்பா உள்ளே வந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் ஆறிக் கிடந்த எஞ்சினை அவன் கண் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி ஏறி மிதித்தார். லயத்து வாசல் முழுக்க நீலப் புகை, அடுத்த வீட்டுக் கொடியில் கிடந்த துணிகூடத் தெரியவில்லை. விரிப்பைத் தூக்கி ஓட்டையையும் காட்டி, "தம்பி, இதுல புள்ளைங்கள ஏத்தாத, நான் ஏத்திப் பாத்துட்டேன்" என்றார். தரகன் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். அந்தப் பையன் மட்டும் போகும்போது அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனான். கடைசியில் ஹட்டனிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து நாலு சில்லுகளையும் கழற்றி வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வெளியே வரவேயில்லை.

இப்போது கிழங்குத் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகிறார், வளைந்து வேலை செய்து பழக்கமில்லாத முதுகு, அந்தியில் நான்தான் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். தனுஜா இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறாள். நேற்று நம் வாசலில் வந்து நின்று, "மாமா, வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள், "வரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்தவர் சாப்பிடவே இல்லை. போன தடவை நீ பேசும்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாய், நல்லா ஓடுது மகன் என்றார் அல்லவா. அன்றைக்கு டெலிபோன் கடையை விட்டு வெளியே வந்து கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைந்துகொண்டே நடந்தார்.

அதற்காகத்தான் இதை எழுதினேன் ராசா. நீ வேர்வை சிந்தி அனுப்பிய காசும் அந்த வண்டியில் சேர்ந்திருந்தது, உன்னிடம் சொல்லத்தான் அவருக்கு நா எழவில்லை. இனிமேல் பேசும்போது வண்டியைப் பற்றி நீயாகக் கேட்காதே, வேறொன்று வாங்கக் காசு அனுப்புகிறேன் என்றும் சொல்லிவிடாதே. வெயிலில் வேலை செய்யும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள், குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடிக்காதே. அந்தத் தாய் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனிதர்களையும் கொடுக்கட்டும். என்றைக்காவது ஒருநாள் அப்பா தானாகவே சொல்லுவார். அன்றைக்கு நீ முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
பொ. நாகலெட்சுமி