பேச்சியம்மா கேட்ட பச்சரிசி

ஆடி மாசம், வியாழக்கிழமை.

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசி வைக்கிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது.

மும்பை தாராவியில் இருக்கிற நம்ம மளிகைக் கடைக்கு இப்போது போனிலேயே ஆர்டர் வருகிறது. மருமகள் செல்வி வாசிப்பாள், நான் கட்டி வைப்பேன், ஆட்கள் வந்து பையை வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு, "வடாலா பேச்சியம்மா, பச்சரிசி ரெண்டு கிலோ" என்றாள். முப்பது வருசமாகப் பேச்சியம்மா வாங்குவது புழுங்கலரிசிதான். தப்பாக அமுக்கியிருப்பாள் என்று புழுங்கலையே கட்டிவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். "அண்ணாச்சி, இதை வச்சு நாளைக்கு அம்மனுக்கு எப்படிப் பொங்கல் விட?"

செல்விக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, போன்ல உள்ளதைக் கட்டுங்க. நீங்களா மாத்துனா இனி யாரு ஆர்டர் போடுவா?"

நான் பேச்சியம்மாவிடமே கேட்டேன். "நீ என்னைக்குத் தாயி பச்சரிசி வாங்கிருக்க?"

சிரித்தாள். "அம்பர்நாத்துல இருக்குற மகளுக்குப் பொம்பளப்புள்ள பொறந்திருக்கு அண்ணாச்சி. கல்யாணமாகி ஒன்பது வருசம் கழிச்சு."

அந்த மகள் சின்னப்பிள்ளையில் பொரிகடலைக்காக என் கடைப்பலகையைப் பிடித்துத் தொங்கியவள். பச்சரிசியை நானே நிறுத்துக் கொடுத்தேன். கூட ஒரு அச்சு வெல்லமும் போட்டேன். பேச்சியம்மா அரை மணி நேரம் நின்று, பிள்ளை யார் சாயல் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இனி எதையும் மாற்றுமுன் போன் பண்ணிக் கேட்பதாகச் செல்வியிடம் ஒத்துக்கொண்டேன். ஆனால் இன்றைக்குச் சரியாகக் கட்டியிருந்தால், பையை வாங்கிக்கொண்டு பேச்சியம்மா ரெண்டே நிமிசத்தில் போயிருப்பாள். அதைச் செல்வியிடம் சொல்லவில்லை.