சாதா டயர்

ஜூன் 9, திங்கள்

என் வீட்டுக்காரர் கிருபாவை இன்று டவுனுக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனேன். துடியலூர் தாண்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது அவருக்கு. ஒரு வேகத்தடையில் கத்தியே விட்டார். பக்கத்தில் பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான். முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. நான் என்னதான் உருட்டி உருட்டிப் போனாலும் ரோடு விட்டால்தானே?

குற்றம் ரோட்டின்மேல் மட்டும் இல்லை. டயர் ரன்-ஃப்ளாட். ஆணி ஏறிக் காற்று மொத்தமும் போனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். அதற்காகவே பக்கச்சுவரைக் கட்டை மாதிரி செய்திருக்கிறான். குழி வந்தால் டயர் வாங்கிக்கொள்ளாது, உட்கார்ந்திருப்பவர் முதுகுதான் வாங்கிக்கொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எனக்கு போஸ்டிங் வந்தபோது இந்த வீட்டில் நடந்த கூத்து இப்போது ஞாபகம் வருகிறது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அவ்வளவு தூரம், தினமும், ஒருத்தியாக! "பாதி வழியில டயரு போச்சுன்னா ரோட்டோரமா நிப்பியா கண்ணு?" என்று அத்தை ஒரே கேள்வியைத் தினமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து கிருபா இந்த செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "இதுல ஸ்டெப்னியே கெடையாது. தேவையில்ல. டயர்ல காத்து கொறஞ்சு மஞ்ச வெளக்கு எரிஞ்சா எங்கியும் நிக்காத, நேரா ஊட்டுக்கு வந்துரு." அதோடு பேச்சு முடிந்தது. நான் வேலைக்குப் போனேன்.

மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிறவள் நான். பஞ்சர் ஆனால் மட்டும் நடுரோட்டில் நின்று அழுவேனாம். சரி, போகட்டும். வேலை கிடைத்ததே.

ஜூன் 12, வியாழன்

"கார் டயரை மாத்துங்க, இல்லைன்னா வேற கார்ல வாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு கார் ஏது? கிருபாவின் பம்ப் பட்டறைக்கு ஒரு டெம்போ இருக்கிறது. அதில் போனால் முதுகு தனியாக, ஆள் தனியாக வந்து சேர்வார்.

டவுனில் சுங்கம் பக்கம் அர்ஷத் கடைக்குப் போனேன். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் டயர் போடுகிறவர். அதே அளவில் சாதா டயர் வரும், மெத்தென்று போகும் என்றார். "ஆனா டாக்டரம்மா, காத்துப் போச்சுன்னா அந்த எடத்துலயே நிறுத்தணும். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. டயர் கிழிஞ்சு ரிம்முல நிக்கும்." டிக்கியில் ஒல்லியாக ஒரு ஸ்டெப்னியும் ஜாக்கியும் போட்டுத் தருகிறாராம்.

திரும்பி வரும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. முட்டாள்.

ஜூன் 14, சனி

சாப்பிடும்போது டயரைப் பற்றிச் சொன்னேன். கிருபா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"மாத்தலாம். ஆனா அப்பறம் நீ பொள்ளாச்சிக்கு எப்படிப் போவ?"

"இதே கார்லதானுங்க."

"சாதா டயர்லயா? ஒருத்தியாவா? வேண்டாம் நந்திதா. அப்ப டயரே மாத்த வேண்டாம். நான் பல்லைக் கடிச்சுக்கறேன்."

கத்தினால் நானும் கத்துவேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அவர் வலியைத் தாங்கினால் நான் வேலைக்குப் போகலாம். இதுதான் கணக்கு. அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, "இங்கியே பக்கமா டிரான்ஸ்ஃபர் கேட்டா ஆகாதா அம்மணி" என்றார். எத்தனை நாளாக வாயில் வைத்திருந்தாரோ.

சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். நான் திரும்பி வரும்வரை வலியோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சண்டைக்காரராக இருந்தால் எப்போதோ ஜெயித்திருப்பேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கும் பிசியோதெரபி. இன்றைக்கும் அந்தச் சத்தம். போதும்.

ஜூன் 18, புதன்

மாற்றியாயிற்று. நான்தான் மாற்றச் சொன்னேன். இதைப் பிற்பாடு மறக்கக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

அர்ஷத்திடம் சொல்லி, ஒரு சக்கரத்தை நானே கழற்றி மாட்டிப் பார்த்தேன். முதல் தடவை ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன், கண்டபடி திட்டு. இரண்டாம் தடவை சரியாக வந்தது. பெஞ்சில் சாய்ந்திருந்த கிருபா, "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்" என்றார். நான் அடுத்த போல்ட்டை முறுக்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தால், தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் காரில் தூங்கி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகப் பாதி. மீதி எனக்காகத்தான், பொய் சொல்வானேன்.

நாளையிலிருந்து பஸ்.

ஜூன் 24, செவ்வாய்

காந்திபுரம் ஒரு பஸ், உக்கடம் ஒரு பஸ், பொள்ளாச்சி, அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை பார்த்த அலுப்பு. கார் வாசலில் நிழலில் நிற்கிறது, மாப்பிள்ளை மாதிரி.

ஜூன் 27, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

விடிந்தும் விடியாமல் சென்னியப்பன் ஃபோன். அவருக்கு இருப்பதே ஒரே ஒரு பண்ணையத்து மாடு, தலைச்சன் ஈத்து. "கால் ஒண்ணுதானுங்க தெரியுது, தலையக் காணோம். சீக்கரம் வாரீங்களா அம்மணி?" பக்கத்து டாக்டர் லீவு. ஓடினேன். காந்திபுரம் பஸ் உடனே வந்தது. உக்கடத்தில் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். காரில் வந்திருந்தால் அந்த நேரத்துக்கு அவர் தொழுவத்தில் இருந்திருப்பேன்.

கன்று போய்விட்டது. கிடாரிக் கன்று. மாட்டைக் காப்பாற்றிவிட்டேன், அவ்வளவுதான். அது திரும்பித் திரும்பி அந்தக் கன்றை நக்குது. நான் கையக் கழுவிட்டே நிக்கறேன், கழுவிட்டே நிக்கறேன். சென்னியப்பன் தண்ணி ஊத்திட்டே சொல்றாரு, "நீங்க என்னங்க பண்ணுவீங்க, பஸ்ஸு அப்படி."

திட்டியிருக்கலாமே அந்த மனுஷன். ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே!

ஜூலை 1, செவ்வாய்

மாவட்ட ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பஸ்ஸில் வருகிற டாக்டரை நம்பி அந்த ஊர் மாடுகள் இருக்கக் கூடாது. காரில் வருகிற ஒருவர் வரட்டும்.

அத்தை இனிப்பாகக் கச்சாயம் சுட்டார். கிருபா ஒன்றை எடுத்தார், பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

சென்னியப்பன் மாடு தீனி எடுக்கிறது. பால் நன்றாக இறங்குகிறது.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

பக்கத்தில் மட்டும் கார் ஓட்டலாம் என்று கிருபாவிடம் டாக்டர் போன வாரம் சொல்லியிருந்தார். பக்கம் என்றால் இவருக்குப் பொள்ளாச்சி! அங்கே ஒரு நார் மில்லுக்குப் பம்ப் கொடுக்க வேண்டுமென்று என்னிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மத்தியானம் மருந்தகத்தில் இருக்கும்போது ஃபோன் வந்தது. குரல் சரியில்லை. "திரும்பி வந்துட்டு இருந்தேன். டயர் கிழிஞ்சு போச்சு. ஒத்தக்கால்மண்டபத்துக்கிட்ட நிக்கறேன். குனிய முடியல."

கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கெஞ்சி நடுவழியில் இறங்கினேன். கம்பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கல்மேல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் வெளுத்துப் போய். முன்பக்க டயர் நார் நாராகக் கிழிந்திருக்கிறது, ரிம் தாரைக் கீறி வைத்திருக்கிறது. வண்டி இழுத்துக்கொண்டு சென்டர் மீடியன் பக்கம் போனதாம். எதிர்ப்பக்கம் லாரிகள். அதற்கு மேல் யோசிக்க எனக்கு தைரியம் இல்லை.

"மஞ்ச வெளக்கு எரியலீங்களா?"

"கெணத்துக்கடவுலயே எரிஞ்சுது."

"அப்பறம்?"

"எரிஞ்சா நிக்கக் கூடாதுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "பழக்கத்துல வந்துட்டேன் நந்திதா. டயர் மாத்துனதே நெனப்பில்ல."

எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவரே ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். அவர் எழ முயன்று முடியாமல் மறுபடி கல்மேலேயே உட்கார்ந்தார். மூடிக்கொண்டேன்.

ஸ்டெப்னியை இறக்கினேன், ஜாக்கியை வைத்தேன். ஒரு போல்ட் மட்டும் அசையவே இல்லை, ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன். இரண்டு பேர் பைக்கை நிறுத்தி என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனார்கள். "ஏனுங்க, நீங்க உக்காந்துட்டுப் பொம்பளையாளை உட்டிருக்கறீங்க? நகரச் சொல்லுங்க, நாங்க மாட்டித் தாரோம்."

"அவங்களுக்குத் தெரியுமுங்க. எனக்குத்தான் தெரியாது" என்றார் கிருபா.

கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் வெளியாள் முன்னால் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. போல்ட் அப்போதுதான் இளகியது. மெதுவாக ஓட்டிக்கொண்டு நான்தான் வீட்டுக்கு வந்தேன். அத்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அது வேறு விஷயம்.

ஜூலை 23, புதன்

காலையில் நான் கிளம்பும்போது கார் சாவியை எடுத்து என் கைப்பைமேல் வைத்தார். "இதுலயே போ. அந்த டிரான்ஸ்ஃபர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு." அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார், அத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே!

புது டயர் ஒன்று அர்ஷத் போட்டுக் கொடுத்தார். உக்கடம் பாலத்தின்மேல் வரும்போது ஜன்னலை இறக்கிவிட்டுச் சத்தமாகப் பாடினேன். என்ன பாட்டு என்றெல்லாம் கேட்கக் கூடாது.

ஜூலை 25, வெள்ளி

மாவட்ட ஆபீஸ். ஆர்டர் நேற்றே கையெழுத்தாகிவிட்டது. என் இடத்துக்கு வம்சி என்று ஒரு இளம் டாக்டரைப் போட்டாயிற்று, அவர் முன்கூட்டியே வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாராம். "நீங்களேதானேம்மா கேட்டீங்க?" என்றார் அதிகாரி. தப்பாகப் பேசவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

ஆமாம். நானேதான் கேட்டேன்.

கிருபாவிடம் சொன்னேன். யாரையாவது பார்க்கலாமா, யாரிடமாவது பேசலாமா என்று வரிசையாகக் கேட்டார். நடக்காதுங்க என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு வலி என்றார். வலிதானா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடைசி நாள். சென்னியப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார், ஊசி போட ஒன்றுமில்லை, சும்மா காட்டவாம். வம்சி நல்ல பையன்தான். மாட்டைத் தொடுவதற்கு முன்னால் அதோடு பேசுகிறான். பொறாமையாக இருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புது இடம். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். நாய், பூனை, கோழி. இன்று ஒரு பொமரேனியனுக்கு நகம் வெட்டினேன்.

செப்டம்பர் 6, சனி

நாலரைக்கே வீட்டில் இருந்தேன். அத்தை காப்பி கொடுத்தார். "இப்பத்தான் கண்ணு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்குது" என்றார். அவர் மனசு எனக்குத் தெரியும், கோபப்பட முடியவில்லை.

கிருபாவுக்கு இப்போது ரொம்பத் தேவலை. பட்டறைக்கு அவரே ஓட்டிப் போகிறார், குழியில் இறங்கி ஏறினாலும் முகம் சுளிப்பதில்லை. சாயங்காலம் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அவருக்கு எப்போதுமே நேரம் எடுக்கும்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான? காரை எடுத்துட்டுப் போ. ஒருத்தியாவே போ. எங்க வேணும்னாலும் போ, எப்ப வேணும்னாலும் வா. நான் கேக்க மாட்டேன்."

மனசாரத்தான் சொன்னார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சரிங்க என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

எங்கே போறது?