இரும்புக் குளிசையும் பிள்ளையின் நிறமும்

2024 ஜூலை 7, ஞாயிறு. உக்குவளை

பகல் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், இவர், ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் அம்றா, மருமகன் றினோஸ், அவருடைய உம்மா றஹீமா. ஐந்து பேர். சம்பந்தி குங்குமப்பூ கொண்டுவந்தார். இரத்தம் ஊறக் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசை வேண்டாமாம், குடித்தால் பிள்ளை கறுத்துப்போகுமாம். அப்படியென்றால் குங்குமப்பூவுக்குச் செம்மஞ்சளாகப் பிறக்குமா என்று இவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 10

மிட்வைஃப் மிஸ் வந்தார். அம்றாவின் இரத்த அளவு, ஹீமோகுளோபின், 8.4. பதினொன்றாவது இருக்கவேண்டுமாம். பிரசவத்தில் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார். அலுமாரியைத் திறந்தால் குளிசை அட்டைகள் எல்லாம் அப்படியே. கேட்டதும் அழுதாள்.

"என்னயச் சொன்ன பேச்செல்லாம் ஏன்ட புள்ளயும் கேக்கோணுமா உம்மா?"

பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் கறுப்பு என்று திரும்பிப்போனது மறக்குமா? யா அல்லாஹ், இவளுக்கு ஒரு பதில் தேடவேண்டும்.

ஜூலை 13

மாத்தளை நூலகத்தில் ஒரு விஞ்ஞானப் புத்தகம் எடுத்தேன். மூன்று தரம் வாசித்த பிறகுதான் விளங்கியது. ஆதி மனிதருக்கு உடம்பில் முடி குறைந்தபோது வெயில் நேரே தோலில் விழுந்ததாம். கடும் வெயில் இரத்தத்திலுள்ள போலேற் என்ற சத்தைச் சிதைக்கும். வயிற்றில் பிள்ளை உருவாகவும் தாய்க்கு இரத்தம் ஊறவும் அது வேண்டும். தோல் கறுத்தவர்களுக்கு அந்தச் சத்து காக்கப்பட்டது, பிள்ளைகளும் தப்பின, கறுப்பு நிலைத்தது. வெயில் குறைந்த நாடுகளுக்குப் போனவர்கள், எலும்புக்கான விற்றமின் டி கிடைக்க, தலைமுறை தலைமுறையாக வெளுத்தார்களாம்.

இரும்போடு சேர்த்துக் கிளினிக்கில் தரும் சின்னக் குளிசையும் அந்தச் சத்துத்தான் – பெட்டியில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளைக் காத்த நிறத்துக்கா இத்தனை பயம்? நிறங்களை வேறுவேறாக்கியவன் வீணாக ஆக்குவானா? அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 14

அம்றாவுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இதயா உம்மா நாங்க பவுடர் போட்டு மறைக்கிற?"

இரண்டு குளிசையையும் எலுமிச்சை, அதுதான் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கினாள். அழுகை எனக்குத்தான் வந்தது.

ஜூலை 21

இரும்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று சம்பந்தியிடம் சொன்னேன்.

"பொம்புளப் புள்ள பொறந்தா நாளைக்கு அந்தப் புத்தகமா மாப்பிள பாத்துத் தாற?"

தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகஸ்ட் 28

அம்றாவின் இரத்தம் 10.1. ஷுக்ர்.

நவம்பர் 19

பெண் பிள்ளை. இருவரும் சுகம். அம்றாவின் நிறமேதான். றஹீமா துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து நெற்றியில் முத்தமிட்டார்.

டிசம்பர் 4

றஹீமா குரல்செய்தி அனுப்பியிருக்கிறார். அவருடைய இளைய மகள் இரண்டு மாதக் கர்ப்பிணியாம்.

"அந்தக் குளிசைய எந்த நேரம் குடுக்கிற? தேத்தண்ணியோட குடுக்கேலாதா? கெதியா பதில் அனுப்புங்க."