வரிசையை யார் கொடுப்பது?

நவம்பர் 4, 2024, திங்கள்

செமினாருக்கு இன்னும் இருபத்து நான்கு நாள். எனக்கு இது ஆறாவது வருடம். அன்றைக்குச் சொதப்பினால் நீட்டிப்பு கிடையாது, டாக்டர் பட்டமும் கிடையாது. மற்றபடி டெல்லியில் காற்று மோசம், காபி மோசம், நான் சௌக்கியம்.

தமிழில் நாட்குறிப்பு எழுதுவதில் ஒரு வசதி: லேபில் யாருக்கும் புரியாது. கைடு சந்திரமௌலி சாருக்குக்கூடத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. ஆகவே தைரியமாக எழுதுகிறேன்: அவர் என் தீசிஸில் பதினேழாம் பக்கத்தை இன்றும் தாண்டவில்லை.

நவம்பர் 6, புதன்

அப்பாவின் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. நாற்பத்தொரு பேர், பன்னிரண்டு அறை. ஒதுக்கீடு அப்பா தலையில். இவரோடு உட்கார மாட்டேன், அவருக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்று ஆளுக்கொரு கடிதம்.

"இதுதாம்ப்பா என் சப்ஜெக்டே" என்றேன். எல்லா நிபந்தனையும் ஒரே நேரத்தில் நிறைவேறுமா? பொதுவாகக் கேட்டால் கம்ப்யூட்டரே கையை விரித்துவிடும். சில வகைக் கணக்குகள் மட்டும் சுலபமாக வழிக்கு வரும். அந்த வகைகளைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நானே புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறேன். ஆட்களை ஒரு நல்ல வரிசையில் நிறுத்த முடிந்தால் போதும்; முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராக உட்காரவைத்துக்கொண்டே போகலாம், உட்கார்ந்தவரை எழுப்பவே வேண்டாம். நிரூபித்தாயிற்று. ஆயிரம் கணக்குகளில் சோதித்தும் பார்த்தாயிற்று.

"கடுதாசியெல்லாம் குடுங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பண்ணித் தரேன்."

அப்பா சந்தேகத்தோடுதான் கொடுத்தார்.

நவம்பர் 9, சனி

டீ குடித்து மூன்று நாளாகிறது. ப்ரோக்ராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

அப்பா வந்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். அகர வரிசையில் போட்டிருந்தேன். முதல் பெயர் ஆராயி மேடம். அப்பா முகமே மாறிவிட்டது.

"ஆராயி சேந்து எட்டு மாசந்தான் ஆவுது! எங்க டைரக்டருக்கு மேல அந்தம்மா பேரா? யாராச்சும் பாத்தா என்னா நெனப்பாங்க பாப்பா?"

அவர் வாயை அடைப்பதற்காக சீனியாரிட்டி பட்டியல்படி மாற்றிப் போட்டேன். இரண்டு விநாடி. நாற்பத்தொரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பா "அச்சா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கோல் மார்க்கெட் பக்கம் காய்கறி வாங்கப் போனார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

கடிதங்களை உட்கார்ந்து படித்தேன். ஒருவர்கூடத் தன் ஜூனியரைப் பற்றிப் புகார் எழுதவில்லை. அது கௌரவக் குறைச்சலாம். எல்லோரும் தனக்கு மேலே இருக்கிற ஒன்றிரண்டு பேரைப் பற்றித்தான் புலம்பியிருக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருபவர் அந்த ஒன்றிரண்டு பேரைத் தவிர்த்தால் போதும். ஆக, சீனியாரிட்டிதான் அந்த நல்ல வரிசை.

அப்படியானால் என் ஆயிரம் சோதனைகள்?

அந்தக் கணக்குகளைத் தயாரித்ததும் என் ப்ரோக்ராம்தான். ஆட்களுக்கு எண் கொடுத்ததே நல்ல வரிசையில் — ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஐயோ. கேள்வித்தாளை நானே போட்டு, விடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆயிரம் தடவை பாஸாகியிருக்கிறேன். இந்த ஒண்ணுக்கே மூணு வருஷம்! ஒரே ஒரு தடவை கலைச்சுப் போட்டுப் பாத்தா என்னடி உனக்கு?

நிரூபணத்தில் தப்பில்லை. 'ஒரு நல்ல வரிசை இருந்தால்' என்று ஆரம்பிக்கிறது. இருக்கட்டும். அதை யார் கொண்டுவந்து கொடுப்பது? கணக்கெல்லாம் சீனியாரிட்டி பட்டியலோடா பிறக்கிறது?

நவம்பர் 15, வெள்ளி

அந்த வரிசையைத் தேடுவதே மூலக் கணக்கு அளவுக்குக் கொடுமையானது என்று இரண்டே பக்கத்தில் நிரூபித்துவிட்டேன். ஆறு வருடத்தில் நான் எழுதியதிலேயே இதுதான் அழகு. என் தீசிஸ் உதவாது என்பதற்கான நிரூபணம்.

சாரிடம் நீட்டினேன். முதல் தடவையாக எதையோ முழுதாகப் படித்தார். "பேஷ், இது கரெக்டா இருக்கேம்மா!" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். பயமாக இருக்கிறது. அப்பாகிட்ட என்னன்னு சொல்றது?

நவம்பர் 18, திங்கள்

சாப்பாடே இறங்கவில்லை. பொய். சோலே பட்டூரே, இரண்டு பிளேட்.

நவம்பர் 20, புதன்

ஆராயி மேடம் வேறு ஆபீஸுக்கு மாற்றல். அப்பா பட்டியலின் கடைசிப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். மீதி நாற்பது பேரில் ஒருவர்கூட நகரவில்லை.

சாப்பிட்ட கையைக் கழுவாமலே நோட்டை எடுத்தேன். கடைசியில் நிற்கத் தகுந்த ஒருவரைப் பிடித்து ஓரமாக நிறுத்து. மீதிப் பேரில் மறுபடி ஒருவரைப் பிடி. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போனால் வரிசை தானாக வந்துவிடாதா? என் பழைய வரையறையில் ஒருவரை உரித்தால் மற்றவர்கள் கெட்டுப்போகிறார்கள். வரையறையை இறுக்கினால் கெட மாட்டார்கள். ஆனால் வகை சுருங்கும். ரொம்பவே சுருங்கும்.

சுருங்கட்டும்.

நோட்டில் சாம்பார்.

நவம்பர் 25, திங்கள்

கலைத்துப் போட்ட ஆயிரம் கணக்கு. ஆயிரமும் ஓடின. கலைத்தது பக்கத்து மேசை கௌஷிக். நான் தொடவே இல்லை.

நவம்பர் 28, வியாழன்

செமினாரில் வெளியிலிருந்து வந்த பேராசிரியரின் முதல் கேள்வி: "வரிசையை யார் கொடுப்பார்கள்?"

சார் கூரையைப் பார்த்தார். நான் போர்டுக்குப் போய், யாரும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொருவராக உரித்துக் காட்டினேன். எழுத்து கோணியது. "ரொம்பச் சின்ன வகையாக இருக்கிறதே" என்றார் அவர். ஆமாம், ஆனால் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்றேன்.

பாஸ். ஆறு மாதம் நீட்டிப்பு. சார் இப்போது பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறாராம்.

டிசம்பர் 9, திங்கள்

லேபுக்குப் புது மேசைகள் வந்திருக்கின்றன. யாருக்கு எது என்று பட்டியல் போடச் சொல்லி சார் என் தலையில் கட்டிவிட்டார். சீட்டுக் குலுக்கிப் போடலாமே என்றான் கௌஷிக். முறைத்தேன்.

சேர்ந்த தேதிப்படி போட்டேன். முதல் பெயர் என்னுடையது. ஜன்னலோர மேசை.

அப்பாவிடம் சொன்னேன். தன் ஃபைலில் வைக்க ஒரு காப்பி கேட்டார்.