முதுகில் யார் பெயர்

சால்ட் லேக், கொல்கத்தா

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, சண்முகவடிவு வணங்கி எழுதுவது. அம்மன் கிருபையில் மூவரும் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

பேத்தியின் பேஸ்பால் சட்டையிலிருந்து உங்கள் மகன் பெயரை எடுத்துவிட்டேன் என்று போனில் வருத்தப்பட்டீர்கள். எடுத்தது உண்மைதான். முன்பெல்லாம் முதுகில் எண் மட்டும் இருக்கும். இந்த வருடம் குடும்பப் பெயரும் வேண்டுமென்று கிளப்பில் ‘சங்கரலிங்கம்’ என்று தைத்துக் கொடுத்தார்கள்.

“எங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது. இது அவ அப்பா பேரு,” என்றேன்.

“எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணுமே பௌதி,” என்றார் செயலாளர். அண்ணியை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“அப்ப அவரையே ஆடச் சொல்லுங்க.”

அவர் சிரித்துவிட்டார். அன்றே பிரித்து, ‘உலகம்மை’ என்று தைத்தேன். வேண்டிப் பெற்று அம்மன் பெயர் வைத்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் முன்னெழுத்தாக இருக்கிறது, அது போதும். ஓடி விழுந்து எழுகிற முதுகு அவளுடையது. மாற்ற மாட்டேன், மாமா.

கோவில் மஞ்சள் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். கோபமிருந்தால் நாலு பக்கம் திட்டியே எழுதுங்கள். உங்கள் மகன் ஆபீஸே கதியென்று இருக்கிறார்; என்னைத் தமிழில் திட்டக்கூட இங்கே ஆளில்லை.

ஆட்டத்துக்கு நேரமாகிறது.

மருமகள்,
சண்முகவடிவு