பிரசவ அறைக்கு ஒரு காற்றாடி

ஜூன் 3
கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாய்க்குள்ளும் மணல். மண்ணெண்ணெய் இந்த மாதமும் இல்லை. மூதூருக்கு வந்த லொறியை ஆமி திருப்பி அனுப்பிவிட்டதாம். பிரசவ அறையில் மிச்சம், போத்தலின் அடியில் கிடப்பது மட்டும்.

சைக்கிள் கடைக் காசிம் நானா பின்னேரம் வந்தார். காற்றிலிருந்து கரண்ட் எடுக்கலாமாம். டைனமோ, தகர இறகு, நீட்டுக் கம்பம். விசர்க் கதை என்றுதான் நினைத்தேன். பிறகு அவருடைய மனைவி றஹீமாவை நினைத்தேன். இப்போது நிறைமாதம். போன தடவை பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. பிரசவம் பார்த்த நான் இருட்டுக்குள் கையால் தடவிக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. சரி என்று சொன்னேன்.

ஜூன் 7
ஊரே சாமான் கொண்டு வருகிறது. மீன்காரர் கயிறு. பள்ளிக்கூடத்துப் பழைய கொடிக்கம்பம். ஆரோ பெயர் சொல்லாமல் வயர்.

சிவகாமியக்கா மகனின் சைக்கிளில் இருந்த டைனமோவைத் தந்தா. மகனை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தச் சைக்கிளை ஒருவரையும் தொட விடாதவ. கழற்றி முடியும்வரை மற்றப் பக்கம் திரும்பி நின்றா.

ஜூன் 9
எரிந்தது. சின்னப் பல்புதான், கொடியைப் பார்த்து வெட்டப் போதும். காற்று பலமாய் அடித்தால் வெளிச்சம், தணிந்தால் மங்கல். பற்றரி இருந்தால் நிலையாக எரியுமாம். பற்றரிக்குத்தான் தடையாயிற்றே.

காசிம் நானா பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணுக்குள் மணல் என்று சமாளித்தேன்.

ஜூன் 12
ஆமிக் காம்பிலிருந்து ஆட்கள். கடலில் நிற்கிற நேவிக்குக் கரையில் ஒரு வெளிச்சம் கூடிக் குறைந்து தெரிகிறதாம். சிக்னல் கொடுக்கிறோமாம். ஆருக்கு? பிறக்கப்போகிற பிள்ளைக்குத்தான். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். உடனே கழற்றச் சொல்லி உத்தரவு.

ஜூன் 13
காசிம் நானா காற்றாடியை இறக்கிச் சைக்கிள் கரியரில் கட்டினார். காம்பிலேயே சுற்றிக் காட்டி விளங்கப்படுத்தப் போகிறாராம். வேண்டாம் என்றேன். சிவகாமியக்கா ஹாண்டிலைப் பிடித்து மறித்தா.

"கண்ணால கண்டா நம்புவாங்க மிஸ்ஸி. காத்துல என்ன களவு இரிக்கி?"

என்று சொல்லி ஏறி மிதித்தார் காசிம் நானா. பொழுதுபட்டும் வரவில்லை.

ஜூன் 14
நானும் சிவகாமியக்காவும் காம்ப் வாசலுக்குப் போனோம். அப்படி ஒருவர் வரவேயில்லையாம். சைக்கிள் மதிலோரம் நிற்கிறது. கரியரில் கட்டினபடியே காற்றாடி. காட்டினேன். அது ஆருடையது என்று தெரியாதாம்.

சிவகாமியக்கா தெருவிலேயே குந்திவிட்டா. அவவுக்கு அந்த வாசல் புதிதில்லை.

ஜூன் 15
மைமல் பொழுதில் றஹீமாவுக்கு வயிற்றுக்குத்து. போத்தல் அடியில் கிடந்ததைக் குப்பி விளக்கில் ஊற்றினேன். இந்தப் பிள்ளைக்கும் கழுத்தில் கொடி. இம்முறை கண்டேன், எடுத்துவிட்டேன். பெண் பிள்ளை. வீரிட்டு அழுதது. கொடி வெட்டி முடிய விளக்கும் நூர்ந்தது.

பிள்ளையைத் துணியால் சுற்றி றஹீமாவின் நெஞ்சில் வைத்தேன். இருட்டுக்குள் கேட்டாள்:

"மிஸ்ஸி, ஆரப் போல இரிக்கி?"

"வாப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்றேன்.

இரண்டு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது கேட்டது. நான் பார்த்தது கொடியைத்தான். முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஜூன் 16, காலை
நல்ல காற்று. கம்பம் சும்மா நிற்கிறது. காசிம் நானாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

வெளிச்சத்தில் பிள்ளையைத் துடைத்தேன். மூக்கு, வாய், நாடி, எல்லாம் றஹீமா. தகப்பனின் சாயலைத் தேடித் தேடிப் பார்த்தேன், காதுவரை பார்த்தேன். இல்லை. முகத்தில் வெயில் படுகிறது என்று சொல்லித் துவாயை இழுத்து மூடிவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன்.